கட்டிலுக்கடியில் இருந்த அமானிதம்



மேல்விஷாரத்தில் அண்ணன் தம்பிகளான நாங்கள் இருவரும் பகலில் தோல் தொழிலில் இருக்கிறோம். இஷாவுக்குப் பிறகு வீட்டு மாடியறையில் பழைய ரெக்கார்ட் பிளேயர்களைப் பழுதுபார்க்கிறோம். அத்தா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற மேசையும் மல்டிமீட்டரும் சும்மா கிடக்க வேண்டாமே என்று தொடங்கியது, இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை ஆட்கள் தேடி வரும் அளவுக்கு ஆகியிருக்கிறது. வருபவை பெரும்பாலும் ஒரே வகை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியச் செட்டுகள். அவற்றுள்ளும் எங்களுக்கு மிகுந்த வேலை வைப்பவை 'டைரக்ட் டிரைவ்' எனப்படும் நேரடிச் சுழற்சிச் செட்டுகளே.

சாதாரண பிளேயரில் மோட்டார் ஓர் ஓரத்தில் இருக்கும். ரப்பர் பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ அதன் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும். பெல்ட் தளர்ந்தால் புதியது வாங்கி மாட்டலாம். கிடைக்காவிட்டால் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். நேரடிச் சுழற்சியில் இந்த இடைத்தரகர் இல்லை. தட்டின் அடிப்புறத்திலேயே வட்டக் காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே அசையாத செம்புச் சுருள்கள் இருக்கும். சுருள்களில் மின்னோட்டம் முறைவைத்து மாறும்போது காந்தம் அதைத் தொடர்ந்து ஓடுகிறது. அதாவது, தட்டே மோட்டாரின் சுழலும் பாகம். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுகூட அல்ல, சரியாக முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்ற வேண்டும். அதைக் கண்காணித்துத் திருத்திக்கொண்டே இருப்பது உள்ளே இருக்கும் ஒரு மின்சுற்று.

இந்த முறையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1970இல் மட்சுஷிடா நிறுவனத்தின் டெக்னிக்ஸ் எஸ்பி-10. 1972இல் எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த அதன் 'எம்கே2' வடிவம்தான் உலகம் முழுவதும் பரவியது. பொத்தானை அழுத்தினால் 0.7 நொடியில் முழு வேகத்தை எட்டிவிடும். குவார்ட்ஸ் படிகம் தரும் துடிப்போடு ஒப்பிட்டு வேகத்தை நிறுத்தும். 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2016இல் அதே பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். ஆனால் புதியதன் மோட்டார் முற்றிலும் வேறு. அதன் பாகம் பழையதற்கு உதவாது.

பழைய செட்டில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். வறண்டுபோன கெப்பாசிட்டர்களுக்குப் புதியது உண்டு. விரிசல் விட்ட ஈயப்பற்றுகளை மறுபடி உருக்கி வைக்கலாம். நடுத்தண்டின் குழியில் எண்ணெய் வற்றியிருந்தால் சில துளிகள் போதும். ஊசிக்கு மாற்று ஊசி இன்றும் விற்கிறது. ஆனால் சுருள்களை இயக்கும் ஐசி போய்விட்டால் கதை வேறு. எம்கே2இல் அந்த வேலையைச் செய்வது ஏஎன்6675 என்ற சில்லு. மட்சுஷிடா தன் செட்டுகளுக்காகத் தானே செய்துகொண்டது அது. உற்பத்தி நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிலே 2020இல் தைவான் நிறுவனமான நுவோட்டனின் கைக்குப் போய்விட்டது. ஆக, அசல் ஐசி வேண்டுமென்றால் எங்கோ ஒரு கடைக்காரரின் பழைய இருப்பிலிருந்து வர வேண்டும். இல்லையேல் இன்னொரு செட்டின் வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைப் பற்றியே இக்கட்டுரை. அதற்கு முன் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

தோல் பதனிடும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். ஆட்டுத்தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். கழிவில் அமிலம் கலந்தாலும், கழிவு தேங்கி அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்புகிறது. அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். மூடிய தொட்டிக்குள் அது மனிதனைக் கொல்லும். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி மாண்டவர்களின் ஜனாஸாக்களை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. அதை எழுதாமல் வெறும் வெள்ளிக் கறையைப் பற்றி எழுத மனம் ஒப்பவில்லை. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் பதனிடு ஆலைகள் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாகி நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. எனினும் வீட்டு அலமாரியில் இருக்கும் வெள்ளிக் கொலுசு இங்கே சீக்கிரம் கறுப்பது போலவே, செட்டுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சும் கறுக்கிறது. சுவிட்சின் தொடுமுனைகள், பழைய டிரான்சிஸ்டர்களின் கால்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பட்டையின் முனைகள் எல்லாம் கரிப்பிடித்து வருகின்றன. சென்னையிலிருந்து வரும் செட்டுக்கும் வாணியம்பாடியிலிருந்து வரும் செட்டுக்கும் மூடியைத் திறந்தவுடன் எங்களால் வித்தியாசம் சொல்லிவிட முடியும். வெள்ளியின் மீது படியும் இந்தக் கருமையைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் பூச்சே போய்விடும். பஞ்சுக் குச்சியில் சுத்திகரிப்புத் திரவம் தொட்டுப் பொறுமையாகத் துடைக்க வேண்டும்.

அதே தோல் எங்களுக்கு உதவியும் செய்திருக்கிறது. தட்டின் மேல் விரிக்கும் ரப்பர் விரிப்பு நாற்பது ஆண்டுகளில் கட்டையாகிவிடுகிறது. அதற்கு மாற்றாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் வட்டமாக வெட்டிப் போடுகிறோம். ஷூ மேல்தோலுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டு இதற்குச் சிறிதாகிவிடும். முழுத்தோலில் வயிற்றுப் பக்கம் தளர்வாக இருப்பதால் அதையும் தவிர்த்து, முதுகுப் பக்கத்திலிருந்து ஓரடிக்குச் சற்றுக் குறைந்த வட்டமாக எடுக்க வேண்டும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் இசைத்தட்டு மேலும் கீழும் அசையும். வெளிநாடுகளில் இத்தகைய தோல் விரிப்புகளைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நம்மூரில் தெருவில் கிடக்கிறதே என்று சிரித்துக்கொண்டோம்.

இந்தப் பழைய செட்டுகள் யாருக்கு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் நியாயமான கேள்வி. ஆனால் நம் வீடுகளில் இவற்றோடு வந்த தட்டுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். குர்ஆன் முழுவதும் முதன்முறையாக ஒலிப்பதிவாக வெளிவந்தது கிராமபோன் தட்டுகளில்தான் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்ற அறிஞர் முன்வைத்த திட்டம் அது. எழுத்தில் முஸ்ஹஃபாகத் தொகுக்கப்பட்டது போல ஓதலிலும் ஒரு தொகுப்பு வேண்டும் என்று அவர் விரும்பினார். ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில், நிதானமான முரத்தல் ஓதலாக அது 1961இல் வெளிவந்தது. பிறகு அப்துல் பாஸித் அப்துஸ் ஸமத் அவர்களின் ஓதல் தட்டுகளும் வளைகுடா சென்றவர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்தன. அவற்றோடு கூடவே, கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் அச்சான நாகூர் ஹனிபாவின் தட்டுகள். 2015 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, அவர் குரல் ஒலிக்காத கல்யாணப் பந்தலைத் தம் இளமையில் கண்டதில்லை என்று எங்கள் தெருப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இசை குறித்து நம் ஆலிம்களிடையே இருக்கும் கருத்து வேறுபாட்டை நாங்கள் அறிவோம். அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. அதற்குரிய தகுதியும் எங்களுக்கு இல்லை. கருவியைச் சரிசெய்கிறோம். அதில் எதைப் போடுவது என்பதை அந்த வீட்டார் அல்லாஹ்வை அஞ்சி முடிவு செய்துகொள்ளட்டும். ஒரே செட்டில் காலையில் சூரா யாசீனும் மாலையில் கவ்வாலியும் ஒலித்த வீடுகள் வாணியம்பாடியில் உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கலவையிலிருந்து ஒரு பெரியவர் தம் பேரனின் ஆட்டோவில் எம்கே2 ஒன்றை எடுத்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். அந்தக் காலத்தில் கலவை, ஆற்காடு, திமிரி பக்கமெல்லாம் கல்யாணத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைக் செட் வைத்தவர். சிங்கப்பூரிலிருந்த மைத்துனர் அனுப்பிய செட் அது. பொத்தானை அழுத்தினால் தட்டு ஒரு பக்கம் சிறிது நகரும், மறுபடி பின்னுக்கு இழுக்கும், நின்றுவிடும். கையால் தள்ளிவிட்டால் தள்ளாடியபடி ஒரு சுற்று போகும். மின்வழங்கியைப் பார்த்தோம், சரியாக இருந்தது. சுருள்களை அளந்தோம், மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. கெப்பாசிட்டர்களை மாற்றியும் பயனில்லை. அலைக்காட்டியை வைத்துப் பார்த்தபோது, மூன்று சுருள்களில் ஒன்றுக்கு மின்னோட்டமே போகவில்லை. ஐசி செத்திருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் எங்களுக்குத் தெரிந்த கடைகளில் கேட்டோம். இல்லை. பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் இல்லை. கடைசியில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஐந்து ஐசிகளை இணையம் வழியாக வரவழைத்தோம். உறையைப் பிரித்தவுடனேயே சந்தேகம் வந்தது. நாற்பது ஆண்டுப் பழைய இருப்பு என்று சொல்லி வந்தவற்றின் கால்கள் நேற்று வார்த்தது போல் மின்னின. பஞ்சில் அசிட்டோன் தொட்டு முதுகைத் துடைத்தால் ஏஎன்6675 என்ற எழுத்து மையாகக் கரைந்து வந்தது. அடியில் வேறு ஏதோ எண்ணின் சுவடு. வேறு சில்லின் முதுகைத் தேய்த்துக் கறுப்புப் பூச்சடித்துப் பெயர் மாற்றிய சரக்கு. உலகில் எந்த உதிரிப்பாகம் அரிதாகிறதோ அதற்கு இந்த வேலை நடக்கிறது.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, விரல்கள் ஈரமானதைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா, மக்கள் பார்ப்பார்களே என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சி நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வணிகர் தானியத்தை நனைக்கவில்லை, மழை நனைத்தது. மறைத்தது மட்டுமே அவர் செயல். பழுதுபார்ப்பவருக்கு இந்த நிகழ்ச்சி மிக நெருக்கமானது. பொருளின் உட்புறத்தை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை. மூடியை மாட்டிவிட்டால் உள்ளே அசலா, போலியா, வேறு செட்டிலிருந்து பிடுங்கியதா என்பது நமக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே எங்கள் பில்லில், போட்ட பாகம் புதியதா, பழையதா, எந்த வகையிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதுகிறோம். பழைய பாகத்துக்குப் பழைய பாகத்தின் விலைதான்.

அந்த ஐந்தும் உதவாது என்று கலவைப் பெரியவரிடம் சொன்னோம். "மெதுவா பாருங்க தம்பி, ஆனா ரொம்ப மெதுவா வேணாம்" என்றார். தம் வயதைச் சொல்கிறார் என்பது புரிந்தது.

இந்த இடத்தில்தான் கட்டிலுக்கடியில் இருந்த செட் எங்கள் நினைவுக்கு வந்தது; உண்மையில் அது நினைவை விட்டு அகன்றதே இல்லை. 2017இல் பேரணாம்பட்டைச் சேர்ந்த ஒருவர் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொடுத்தது. அதுவும் எம்கே2. ஒரு பக்கம் மட்டுமே ஒலி வருகிறது என்பது குறை. ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியின் முனை அரித்துப் போயிருந்தது, மாற்றிவிட்டோம். ஒரு வாரத்தில் தயார். அவர் வரவில்லை. அவசரமாகத் திரும்பிப் போய்விட்டதாகவும் அடுத்த விடுமுறையில் எடுத்துக்கொள்வதாகவும் சவூதி எண்ணிலிருந்து செய்தி வந்தது. பிறகு அந்த எண் அடங்கிவிட்டது. முன்பணம் ஐந்நூறு ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தோம். ஆண்டுக்கொரு முறை ரமலானுக்கு முன் எடுத்துத் துடைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடி சுற்றி வைப்பது வழக்கம். அதற்குள் நல்ல உயிரோடு ஓர் ஏஎன்6675 இருந்தது.

பல கடைகளின் பில்லில் அச்சிட்டிருப்பார்கள்: முப்பது நாட்களுக்குள் எடுக்காத பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று. தொழிலில் இருக்கும் நண்பர்கள், ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி யார் வரப் போகிறார், ஒரு பெரியவரின் ஆசை நிறைவேறட்டும், நன்மைதானே என்றார்கள். அந்த வாதத்தில் இனிப்பு இருந்தது. எடுப்பது எங்களுக்காகக்கூட அல்ல, ஒரு முதியவருக்காக. பிறகு எப்போதாவது உரிமையாளர் வந்தால் வேறு ஐசி வாங்கிப் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. வேறு ஐசி கிடைக்கவில்லை என்பதால்தானே இதையே யோசிக்கிறோம்!

எங்கள் மஹல்லாவின் மூத்த ஆலிமிடம் போய்க் கேட்டோம். அவர் விளக்கியதன் சாரம் இது. வழியில் கண்டெடுத்த பொருளுக்கு ஒரு சட்டம். கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு வேறு சட்டம். இது ஒப்படைக்கப்பட்டது, அமானிதம். நாள் கடந்ததால் உரிமை மாறாது. பில்லில் அச்சிட்ட வரி, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பது போன்றவற்றுக்கு வேண்டுமானால் ஏதோ சொல்லும், பொருளை உங்களுடையதாக்காது. உரிமையாளரைத் தேடுங்கள், இல்லையென்றால் வாரிசுகளைத் தேடுங்கள் என்று சொல்லி, "தேடினீங்களா?" என்று கேட்டார். கைப்பேசியில் அழைத்துப் பார்த்தோம் என்றோம். "பேரணாம்பட்டு எவ்வளவு தூரம்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர், குடியாத்தம் வழியாகப் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினோம். பெயரும், தெருவின் தோராயமான அடையாளமும் மட்டுமே கையில். லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் விசாரித்தோம். முதல் பள்ளியில் தெரியவில்லை. இரண்டாவது பள்ளியில் பதிவேட்டைப் புரட்டிய முஅத்தின் தலையை ஆட்டினார். அவர் 2020இல் ஜித்தாவிலேயே வஃபாத்தாகிவிட்டாராம். கொரோனா காலம் என்பதால் அங்கேயே அடக்கம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஏழு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள், இறந்துவிட்ட ஒருவருக்காக நாங்கள் அந்த செட்டைத் துடைத்து வைத்திருந்திருக்கிறோம்.

வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மனைவி, இரண்டு மகள்கள், பதினொரு வயது மகன், மரணித்தவரின் தாயார். விவரத்தைச் சொன்னதும் திரைக்குப் பின்னிருந்து அந்தச் சகோதரி, இப்படியொரு பொருள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெரியவருக்குப் பயன்பட்டால் அவருக்கு நன்மை சேரட்டும் என்றார். உண்மையான மனதோடு சொன்னார். அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? பஸ்ஸில் திரும்பும்போது எங்களில் ஒருவர் திருகுகளை மனதுக்குள் கழற்றத் தொடங்கியிருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆலிம் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். தாயாருக்கு ஆறில் ஒன்று. மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரு பெண்களின் பங்கு. பொருளை 96 பங்காக வைத்தால் தாயாருக்கு 16, மனைவிக்கு 12, மகள்களுக்குத் தலா 17, மகனுக்கு 34. தட்டும் கையும் விளக்கும் கொண்ட ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் 96 துண்டாகத் தாளில் நிற்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. எல்லோரையும் விடப் பெரிய பங்கு அந்தச் சிறுவனுடையது. பருவமடையாதவனின் பொருளை அன்பளிப்பாகத் தர அவனாலும் முடியாது, அவன் சார்பில் வேறு யாராலும் முடியாது. தாய் தம் 12 பங்கை விட்டுத் தரலாம். அவனுடைய 34ஐ விட்டுத் தர முடியாது. விற்பதானால் சந்தை விலைக்கு, அவனுக்கு நலம் என்றால், உரிய பாதுகாவலர் வழியாக விற்கலாம். இலவசம் என்ற பேச்சே இல்லை. அநாதையின் பொருளை நெருங்குவது பற்றிக் குர்ஆன் எச்சரிப்பதை மதரஸாப் பருவத்திலிருந்து ஓதி வந்திருக்கிறோம். அது ஒரு சில்லின் வடிவில் எங்கள் மேசைக்கு வரும் என்று நினைத்ததில்லை.

நியாய விலையை விசாரித்தோம். நல்ல நிலையில் உள்ள எம்கே2க்கு இன்று கிடைக்கும் தொகை, அந்தக் குடும்பத்துக்குச் சில மாத வீட்டு வாடகைக்கு ஆகும். அந்தத் தொகையைக் கலவைப் பெரியவரால் தர முடியாது. ஐசிக்காக முழுச் செட்டை வாங்குவது அவருக்குத் தேவையும் இல்லை. வெளியே வாங்க ஆள் இருக்கிறது, விற்றுத் தரவா என்று கேட்க மறுபடி பேரணாம்பட்டு போனோம். இம்முறை செட்டையும் எடுத்துப் போனோம், பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு சொல்லட்டும் என்று. இயக்கிக் காட்டினோம். தட்டின் ஓரத்துப் புள்ளிகள் சிவந்த விளக்கில் அசையாமல் நின்றபோது மூத்த மகள், அந்தப் புள்ளிகளைத் தனக்கு நினைவிருக்கிறது என்றார். சின்ன வயதில் அத்தா விரலை வைத்து எண்ணச் சொல்வாராம். ஓடும்போது எப்படி எண்ணுவது என்று அழுவாராம். அந்தச் சிறுவனுக்கு எதுவும் நினைவில்லை. செட் வீட்டை விட்டுப் போனபோது அவனுக்கு நான்கு வயது. அவன் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான்.

விற்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ். ஐந்நூறு ரூபாய் முன்பணம் போக மீதிக் கூலியைத் தருவதாகச் சொன்னார்கள். அன்று பேசிய தொகை நானூறு என்று நோட்டில் இருந்ததைக் காட்டி, நூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வந்தோம்.

கலவைக்குத் தகவல் சொன்னபோது, இப்படி ஒரு செட் எங்களிடம் இருந்ததையும் அதை ஏன் தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்தோம். "புள்ளைங்க பொருளைப் பிடுங்கி என் தட்டு சுத்தவா தம்பி? வேணாம். அல்லாஹ் நாடினா வரும்" என்றார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு அவருடைய பேரனிடமிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. பெரியவர் கேட்கச் சொன்னதாக எதையும் சொல்ல மாட்டான். நலம் விசாரித்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருப்பான்.

எட்டு மாதங்கள் ஆயின. ரிச்சி தெருவில் சொல்லி வைத்திருந்த ஒருவர் மூலம், சென்னை வெள்ளத்தில் மூழ்கிய ஒலிபரப்புச் சாதனங்களை எடைக்கு எடுத்த ஒரு காயலாங்கடைக்காரரிடம் மூன்று டெக்னிக்ஸ் செட்டுகள் கிடப்பது தெரிந்தது. தட்டுகளில் அரிப்பு, கைகள் வளைந்திருந்தன, மரப்பலகை ஊதிப் போயிருந்தது. மின்பலகைகளை மட்டும் பேரம் பேசி வாங்கினோம். அவை அவருடைய சொந்தச் சரக்குதானா என்று கேட்டோம். கொள்முதல் ரசீதை எடுத்துக் காட்டினார், எங்களை விநோதமாகப் பார்த்தபடி.

பழைய பலகையிலிருந்து ஐசியை எடுப்பது நிதானமான வேலை. சூடு கூடினால் செம்புத் தடம் பலகையை விட்டு உரிந்து வந்துவிடும். குறைந்தால் கால் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதலில் சேற்றைக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, ஒவ்வொரு காலிலும் புதிய ஈயத்தைச் சிறிது சேர்த்து உருக்கி, பிறகு செம்புப் பின்னலால் ஈயம் முழுவதையும் உறிஞ்சினோம். பழைய ஈயம் தனியாக உருகத் தயங்கும். புதியது சேர்ந்தால் இளகும். கடைசிக் காலும் விட்ட பின் ஐசி தானாக விரலோடு வர வேண்டும். நெம்பினால் உள்ளே வெடிக்கும். மூன்றும் சேதமின்றி வந்தன. முதலாவதைக் கலவைச் செட்டில் பொருத்தி, தட்டை மாட்டாமல் மின்னோட்டத்தை அளந்து, பிறகு தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினோம். தள்ளாட்டம் இல்லை. கால் சுற்றுக்குள் வேகம் பிடித்து நின்றது. மற்ற இரண்டையும் அதே செட்டில் மாட்டிச் சோதித்தோம். அவையும் உயிரோடு இருந்தன.

பில்லில் எழுதினோம்: இயக்கி ஐசி பழையது, வெள்ளத்தில் நனைந்த பலகையிலிருந்து எடுத்தது, எவ்வளவு காலம் உழைக்கும் என்று சொல்ல இயலாது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுவதும் படித்தார். பலகைகளின் விலையில் மூன்றில் ஒரு பங்கையும் கூலியையும் எண்ணித் தந்தார். தோல் விரிப்பு ஒன்று போட்டுத் தருகிறோம் என்றபோது, வழவழப்பான பக்கம் மேலே வரட்டும், தூசி தட்டச் சுலபம் என்று மைக் செட்காரராகவே பேசினார்.

மற்ற இரண்டு ஐசிகளும் இப்போது ஈயத்தாளில் சுற்றி, மருந்து டப்பாவில் இருக்கின்றன. அந்த ஐந்து போலிகளைச் சுத்தியலால் உடைத்துவிட்டோம், வேறு யார் கைக்கும் போகாமல் இருக்கட்டும் என்று. டப்பாவுக்குள் ஒரு சீட்டும் இருக்கிறது. ஆம்பூரில் ஒருவர், வாணியம்பாடியில் ஒருவர், திருப்பத்தூரில் ஒருவர் என மூன்று பெயர்கள், வந்த தேதி வரிசையில். ஐசி இரண்டுதான். திருப்பத்தூர்க்காரரிடம் வரிசையைச் சொல்லிவிட்டோம். அவருக்காக ரிச்சி தெருவிலும் மீண்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.